'உதட்டைப் பிதுக்கினாள்' எங்கே இடிக்கிறது?

கேள்வி: ஆங்கிலத்திலிருந்து இளையோர் நாவல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'பவுட்', 'பவுட்டிங்' என்ற சொற்கள் அதில் அடிக்கடி வருகின்றன. அகராதி தந்த 'உதட்டைப் பிதுக்கு' என்பதையே எல்லா இடத்திலும் போட்டேன். படித்துப் பார்த்த தோழி, "இந்தப் பொண்ணு எதைக் கேட்டாலும் கையை விரிக்கிறாளே, ஏன்?" என்று கேட்டுவிட்டார். நான் காட்ட நினைத்தது கோபித்துக்கொண்ட பெண்ணை. சில இடங்களில் 'ஊடினாள்' என்று மாற்றிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அம்மா ரயிலேறும் காட்சியில் அவள் 'பவுட்' செய்துகொண்டே நிற்கிறாள் என்ற வாக்கியம் இன்னும் படியவே இல்லை. போதாக்குறைக்கு, கடற்கரை அத்தியாயத்தில் தாத்தா தூண்டில் போட்டு 'பவுட்டிங்' பிடிக்கிறார். இந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள்? எங்கே எதைப் போடுவது?

பதில்:

உங்கள் தோழி சரியாகத்தான் படித்திருக்கிறார். தமிழில் உதட்டைப் பிதுக்குவது பெரும்பாலும் ஒரு பதில். "ஆள் தேறுவாரா?" என்று கேட்டால் டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார்: நம்பிக்கை இல்லை. "சாவி எங்கே வெச்சே?" என்றால் பையன் உதட்டைப் பிதுக்குகிறான்: தெரியாது. "படம் எப்படி?" என்றால் பார்த்துவிட்டு வந்தவள் உதட்டைப் பிதுக்குகிறாள்: சுமார்தான். மூன்றிலும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, கேள்வி இல்லாவிட்டாலும் மதிப்பிட வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது. பிதுக்குகிறவர் அதிலிருந்து விலகி நிற்கிறார்.

ஆங்கிலத்தில் பவுட் செய்கிறவர் விலகி நிற்பதில்லை. கேட்டது கிடைக்கவில்லை, அதை நீ கவனிக்க வேண்டும் என்று எதிரே இருப்பவரைப் பார்த்து நிற்கிறார். "இன்னைக்குப் போக முடியாது" என்று அம்மா சொல்கிறாள், மகள் பவுட் செய்கிறாள் என்றால் அவளுக்குப் போக வேண்டும் என்று பொருள். அதை 'உதட்டைப் பிதுக்கினாள்' என்று எழுதினால், போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று அவள் இருப்பதாகத் தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார். பொருள் நேர் எதிராகப் போய்விடுகிறது. இதனால்தான் இந்தத் தவறு, வெறும் நடைப் பிழையைவிட மோசமானது.

அகராதியையும் குறை சொல்ல முடியாது. உடம்பு செய்யும் வேலையை அது சரியாகவே சொல்கிறது. மோவாயில் 'மென்டாலிஸ்' என்று ஒரு சிறிய தசை உண்டு. அது சுருங்கினால் மோவாய்த் தோல் மேலேறிக் குழி குழியாகும், கீழுதடு மேலே தள்ளப்பட்டு வெளியே மடியும். பவுட் தசை என்றே இதற்கு ஒரு செல்லப்பெயர் இருக்கிறது. முக அசைவுகளுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் முறையை உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1978இல் வெளியிட்டார்கள். அதில் மோவாய் உயர்வதற்கு எண் 17. கோபித்துக்கொண்ட குழந்தையின் முகத்தில் இருப்பது இந்த 17தான். வாயோரம் கீழே இறங்கி, புருவம் உயர்ந்து, 'யாருக்குத் தெரியும்' என்று சொல்லும் முகத்திலும் இதே 17 இருக்கிறது. தசை ஒன்று, சேதி வேறு. தமிழ் அந்த அசைவை இரண்டாவது சேதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது, ஆங்கிலம் முதலாவதற்கு. அசைவைப் பார்த்து மொழிபெயர்த்தால் சேதி மாறிவிடும்.

ஆனால் 'பிதுக்கு' என்பதை ஒரேயடியாகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கைக்குழந்தைக்கும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கும் அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. பொம்மையைப் பிடுங்கிய அடுத்த நொடியில் நடப்பதைக் கவனியுங்கள். முதலில் மோவாய் சுருங்குகிறது. கீழுதடு வெளியே வருகிறது. வாயோரங்கள் கீழே இழுபடுகின்றன. உதடு துடிக்கிறது. மூச்சு ஒருமுறை உள்ளே போய் நிற்கிறது. அப்புறம்தான் அழுகை. இந்த வரிசையில் அழுகைக்கு முந்தைய கட்டத்தைத் தமிழ் தன்வினையில் சொல்கிறது: 'உதடு பிதுங்கியது'. பிதுங்குவது தானாக நடப்பது, பிதுக்குவது நாமாகச் செய்வது. ஒரே எழுத்து வித்தியாசத்தில் கையாலாகாத குழந்தையும் கைவிரிக்கும் பெரியவரும் பிரிந்துவிடுகிறார்கள். 'உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றது' என்பதும் குழந்தைக்குச் செல்லும். 'கொண்டு' சேர்ந்ததும் அது பதில் சொல்லும் சைகையாக இல்லாமல் ஒரு நிலையாகிவிடுகிறது. 'அழுகைக்கு உதட்டைப் பிதுக்கியது', 'உதடு பிதுங்கிக் கண் கலங்கியது' என்று பக்கத்திலேயே இன்னோர் அடையாளத்தை வைத்துவிட்டால் எந்தக் குழப்பமும் வராது.

வயது ஏழெட்டைத் தாண்டியதும் உதட்டை விட்டு முகத்துக்கு வந்துவிடுங்கள். தமிழில் கோபித்துக்கொள்வது முகம் முழுக்க நடக்கிற விஷயம்.

நம் கையில் இருப்பதில் தலையாய தொடர் 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்'. இதில் வேலை செய்வது கடைசியில் இருக்கும் 'வைத்துக்கொள்'. தெரிந்தே செய்தது, விடாமல் பிடித்திருப்பது, பிறர் பார்க்கட்டும் என்று காட்டுவது ஆகிய மூன்றும் அந்தத் துணைவினைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லின் உயிரும் இவை மூன்றில்தான் இருக்கிறது. உங்கள் ரயில் காட்சிக்கு இதுதான் பொருத்தம்: 'ரயில் நகரும்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் நின்றாள்.' 'ஏ', 'தான்' இரண்டும் விடாப்பிடியைக் கொண்டுவந்துவிடுகின்றன. 'இன்னும்', 'தொடர்ந்து' என்று தனியே எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் 'உதட்டைப் பிதுக்கிக்கொண்டே நின்றாள்' இடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: நேரம். அத்தனை நேரம் யாராலும் உதட்டை வெளியே தள்ளி வைத்திருக்க முடியாது. ஆங்கிலத்தில் 'மத்தியானம் முழுக்க பவுட் செய்தாள்' என்று எழுதலாம். அங்கே சொல் உதட்டை விட்டு நகர்ந்து மனநிலைக்குப் போய்விட்டது. தமிழில் உதடு உதடாகவே நிற்கும். ஆகவே நொடிக்கணக்கு என்றால் உதடு, நிமிடக்கணக்கு என்றால் முகம், மணிக்கணக்கு என்றால் பேச்சை நிறுத்தியதாகவோ விலகி உட்கார்ந்ததாகவோ எழுதுங்கள்.

சுற்றியுள்ள சொற்களை ஒன்றுக்கு இன்னொன்றாகப் போட முடியாது. 'உம்மென்று' இருப்பவர் பேசவில்லை. கோபம் இருக்கலாம், வருத்தமும் இருக்கலாம். 'உர்ரென்று' இருந்தால் கோபம் நிச்சயம், கிட்டே போனால் கடி விழும். 'முகம் வாடியது' என்றால் ஏமாற்றம் உண்டு, காட்டிக்கொள்ளும் எண்ணம் இல்லை. இது பவுட்டுக்கு நேர் எதிர். ஆனாலும் மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி இந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'முகத்தைத் திருப்பிக்கொண்டாள்' ஓர் அசைவோடு முடிந்துவிடும், நீடிக்காது. 'முரண்டு', 'அடம்' இரண்டும் செயலில் இறங்கியாயிற்று என்று சொல்பவை: காலை உதைத்தாயிற்று, தரையில் உட்கார்ந்தாயிற்று. 'உம்மணாமூஞ்சி' ஒருவருடைய சுபாவம், ஒரு மத்தியான நேரத்துக் கோபத்துக்கு அதைச் செலவழிக்கக் கூடாது. 'மூஞ்சி' உரையாடலுக்குள் இருந்தால் கலகலப்பு. கதைசொல்லியின் குரலில் வந்தால், கதைசொல்லிக்கே அந்தப் பெண்ணைப் பிடிக்காதது போலத் தொனிக்கும்.

கட்டளையாக வரும் இடங்களையும் தனியே பாருங்கள். 'பவுட் செய்வதை நிறுத்து' என்று எந்தத் தமிழ் அம்மாவும் சொல்லமாட்டாள். "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே", "உம்முன்னு நிக்காதே", கொஞ்சம் கடுப்பில் இருந்தால் "இப்ப எதுக்கு இந்த மூஞ்சி?" என்பாள். நாவலில் அம்மாவுக்கு மகளிடம் பொறுமை இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்பதைப் பொறுத்து இவற்றில் ஒன்றை எடுங்கள்.

பேச்சோடு ஒட்டி வருவது அடுத்த சிக்கல். ஆங்கில நாவல்களில், அதுவும் இளையோர் நாவல்களில், மேற்கோள் முடிந்ததும் 'அவள் பவுட் செய்தாள்' என்று ஒட்ட வைப்பது வழக்கம். 'சொன்னாள்' என்பதற்குப் பதிலாக அது நிற்கிறது. தமிழில் 'என்று'வுக்குப் பின்னால் வரும் வினை அந்தப் பேச்சின் ஓசையைச் சொன்னால்தான் இயல்பாக இருக்கும்: முணுமுணுத்தாள், கத்தினாள், சிணுங்கினாள். ஆகவே பேச்சோடு வரும் பவுட் பெரும்பாலும் 'சிணுங்கினாள்' ஆகிவிடும்.

"எப்பப் பார்த்தாலும் அண்ணனைத்தான் கூட்டிட்டுப் போறீங்க" என்று சிணுங்கினாள்.

இது சரி. இதையே "...கூட்டிட்டுப் போறீங்க" என்று உதட்டைப் பிதுக்கினாள் என்று எழுதிப் பாருங்கள். அண்ணன் போவதைப் பற்றி அவளுக்கு இளக்காரம் போலிருக்கிறது.

ஆனால் சிணுங்கலில் மூக்கால் பேசும் ஓசை இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சலும் இருக்கிறது. பதினைந்து வயதுப் பெண் நிஜமாகவே காயப்பட்டுப் பேசும் இடத்தில் சிணுங்க வைத்தால் அவளை ஐந்து வயதாக்கிவிடுவீர்கள். அங்கே வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடலாம்: '...கூட்டிட்டுப் போறீங்க" என்றாள். முகம் உம்மென்று இருந்தது.' ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 'சிணுங்கினான்' என்று ஒரு பதின்வயதுப் பையனைப் பற்றி எழுதினால் கேலி தொனிக்கும். மூல ஆசிரியருக்குக் கேலி செய்யும் எண்ணம் இல்லாவிட்டால் அதைத் தொடாதீர்கள்.

'ஊடினாள்' ஏன் ஒட்டவில்லை? மருதத் திணையின் உரிப்பொருள் ஊடல். ஊட ஒரு காதலன் வேண்டும், அவன்மேல் உரிமை வேண்டும், அவன் வந்து தணிப்பான் என்ற எதிர்பார்ப்பு வேண்டும். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்கள் (131 முதல் 133 வரை) முழுக்க இதற்கே ஒதுக்கப்பட்டவை: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. நுணுக்கம் என்று பெயர் வைத்ததற்குக் காரணம் 1317, 1318 ஆகிய குறள்களில் தெரியும். அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள். உடனே வாழ்த்தை அழித்துவிட்டு, யார் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். அடுத்த முறை அவன் தும்மலை அடக்குகிறான். உன்னை நினைப்பவர்களை என்னிடமிருந்து மறைக்கிறாயா என்று அதற்கும் அழுகிறாள். கோபத்துக்குக் காரணம் இல்லாததே இங்கே காரணம். இப்படிப்பட்ட சொல்லை அம்மாவிடம் கோபித்துக்கொண்ட பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் போட்டால் வாசகர் நெளிவார். நண்பர்களுக்கிடையிலும் வேண்டாம். அங்கே 'பிணக்கு' இருக்கிறது, 'கோபித்துக்கொண்டான்' இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் என்றால் 'டூ விட்டாள்', 'காய் விட்டாள்' இருக்கிறது.

காதலர்களாகவே இருந்தாலும் 'ஊடினாள்' என்ற வினைமுற்று இன்றைய உரைநடையில் செய்யுள் வாடை அடிக்கும். பெயர்ச்சொல்லான 'ஊடல்' மட்டும் நன்றாகவே புழங்குகிறது: 'சின்ன ஊடலுக்குப் பிறகு'. காதல் காட்சியில் வரும் பவுட்டுக்கு என் முதல் தேர்வு 'பொய்க்கோபம்' அல்லது 'செல்லக் கோபம்'. 'பொய்க்கோபத்தோடு உதட்டைச் சுழித்தாள்' என்று எழுதலாம். 'பொய்க்கோபம்' இல்லாமல் வெறும் 'உதட்டைச் சுழித்தாள்' என்று விட்டால் அது அருவருப்பு அல்லது ஏளனம் ஆகிவிடும். 'பிகு பண்ணினாள்' என்பதில் கோபம் கிடையாது. விருப்பம் இருந்தும் இழுத்தடிப்பதுதான் பிகு. உங்கள் காட்சியில் அவள் சம்மதிக்கத் தயங்குவது போல நடிக்கிறாளா, கவனிக்கவில்லை என்று கோபப்படுகிறாளா என்று பார்த்துத்தான் இதில் கை வைக்க வேண்டும்.

பெரியவர்களைப் பற்றி, அதிலும் பதவியில் இருப்பவர்களைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகை இந்தச் சொல்லைப் போட்டால் அதில் குத்தல் இருக்கிறது. வளர்ந்த ஆள் குழந்தை மாதிரி நடந்துகொள்கிறார் என்பதுதான் சேதி. 'அதிருப்தியில் இருக்கிறார்' என்று மொழிபெயர்த்தால் குத்தல் போய்விடும், செய்தியறிக்கை ஆகிவிடும். இந்த இடத்துக்கென்றே தமிழில் 'முறுக்கிக்கொண்டு நிற்கிறார்' இருக்கிறது. மாப்பிள்ளை முறுக்கு என்ற வழக்கிலும் இருப்பது இதுதான்: கோபத்தோடு கொஞ்சம் கெத்து, யாராவது வந்து சமாதானப்படுத்தட்டும் என்ற காத்திருப்பு. நாவலில் அப்பாவோ ஆசிரியரோ பவுட் செய்தால் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்.

இனி, கோபமே இல்லாத பவுட்கள். படம் எடுக்கும்போது இரண்டு உதட்டையும் முன்னால் கூட்டிக் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொள்வது ஒன்று. தசைக் கணக்கில் இது வேறு எண், 18. மோவாய் மேலேறுவதில்லை, உதடுகள் நடுவை நோக்கிக் கூடி முன்னால் வருகின்றன. இங்கே பிதுக்கலுக்கு இடமே கிடையாது, 'உதட்டைக் குவித்து' என்பதே சரி. ஆனால் குவித்தல் முத்தத்துக்கும் விசிலுக்கும் ஊதுவதற்கும் பொது. அதனால் படம் எடுக்கும் காட்சி என்பது வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். பாத்திரங்கள் இளையவர்கள் என்றால் உரையாடலில் "பவுட் குடு" என்று அப்படியே விட்டுவிடுங்கள். இன்று தமிழ்ப் பிள்ளைகள் பேசுவதும் அப்படித்தான். அந்த முகத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கும் கேலிப்பெயரை 'வாத்து மூஞ்சி' என்று மாற்ற ஆசை வரும். முதல் முறை வரும்போது உதடு குவிவதைக் காட்டிவிட்டால் கேலி புரியும். காட்டாவிட்டால் வாசகர் முழிப்பார்.

'பவுட்டி' என்ற உரிச்சொல் வந்தால் அது இரண்டில் எது என்று பாருங்கள். ஒன்று, கோபித்துக்கொள்ளும் சுபாவம்: 'தொட்டாற்சுருங்கி' பல இடங்களில் உதவும். இன்னொன்று, உதட்டின் அமைப்பு: இயல்பாகவே சற்று முன்வந்து நிறைந்திருக்கும் உதடு. அதில் கோபம் கிடையாது. 'தடித்த உதடு', 'துருத்திய உதடு' இரண்டும் குறையாகத் தொனிக்கும். வர்ணனையில் அழகு வேண்டுமென்றால் 'நிறைந்த இதழ்கள்', 'சற்றே குவிந்த இதழ்கள்'. 'இதழ்' வந்தாலே வாக்கியம் காதல் பக்கம் சாயும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆசிரியையின் தோற்றத்தைப் பையன் வர்ணிக்கும் இடத்தில் அது விபரீதமாகிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் வீங்குதல், உப்புதல் என்ற பழைய பொருள் கிடக்கிறது. ஆங்கில அகராதிக்காரர்கள் இந்தச் சொல்லை அந்தப் பொருள் கொண்ட ஸ்காண்டிநேவிய வேர்ச்சொற்களோடு தொடர்புபடுத்துகிறார்கள். புறா வளர்ப்பவர்கள் சொல்லும் 'பவுட்டர்' அப்படி வந்ததுதான்: தீனிப்பையில் காற்றடைத்துக் கழுத்துக்குக் கீழே பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும் இனம். ஆள் நெஞ்சைத் தள்ளிக்கொண்டு வருவதை ஆங்கிலத்தில் இந்தப் புறாவோடு ஒப்பிடுவார்கள். அப்போது புறாவை விட்டுவிட்டு நெஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், 'நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்'.

கடற்கரை அத்தியாயத்தில் தாத்தா பிடிக்கும் 'பவுட்டிங்' ஒரு மீன். காட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தது, அறிவியல் பெயர் ட்ரைசோப்டெரஸ் லஸ்கஸ். வடகிழக்கு அட்லாண்டிக் கடலோரங்களில் கிடைக்கும். சாதாரணமாக 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும். செம்பு நிற உடம்பில் கருமையான பட்டைகள், மோவாயில் ஒரு மீசை, மார்புத் துடுப்பு தொடங்கும் இடத்தில் கருப்புப் புள்ளி. சதை சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் தூண்டில்காரர்களுக்கு இதன்மேல் பெரிய மரியாதை இல்லை. வேறு மீனுக்கு வைத்த இரையைத் தின்றுவிட்டுப் போகும் என்ற எரிச்சல் வேறு. காட்சியில் தாத்தா சலித்துக்கொண்டால் காரணம் இதுதான், தமிழிலும் அந்தச் சலிப்பு தெரிய வேண்டும். நம் கடலில் இல்லாத மீனுக்கு நம் மீன் ஒன்றின் பெயரைச் சூட்டாதீர்கள். 'பவுட்டிங் மீன்' என்று 'மீன்' சேர்த்து எழுதிவிடுங்கள். ஆனால் மூல ஆசிரியர் பேத்தியின் முகத்தையும் மீனின் பெயரையும் வைத்துச் சொல்விளையாட்டு ஏதாவது ஆடியிருக்கிறாரா என்று அந்தப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். ஆடியிருந்தால் பெயர் வழியாக அது தமிழுக்கு வராது. மீனின் வாயைக் காட்டி, "உன்னை மாதிரியே இருக்கு பார்" என்று தாத்தாவைச் சொல்ல வைப்பதுதான் வழி.

மருத்துவ நூல் ஏதாவது பிற்பாடு உங்கள் கைக்கு வந்தால் ஒரு குறிப்பு. புரையோடி ஆறாத புண்ணின் வாயில், தோல்மட்டத்துக்கு மேலே சதை தள்ளி நிற்பதையும் இதே சொல்லால் எழுதுவார்கள். அங்கே 'பிதுங்கிய' என்பது கச்சிதம். உதட்டில் தட்டினால் உதடு குவியும் அனிச்சையையும் இந்தச் சொல்லால் குறிப்பதுண்டு. கைக்குழந்தைகளிடம் அது இயல்பானது. பெரியவர்களிடம் தென்பட்டால் மூளையின் முன்பகுதிப் பாதிப்பின் அடையாளமாக இருக்கலாம் என்று பார்ப்பார்கள். அது 'குவிதல்'. கோபம் இரண்டிலும் இல்லை.

இப்போது கைப்பிரதிக்கு வருவோம். 'அனைத்தையும் மாற்று' பொத்தானைத் தொடாதீர்கள், இந்தக் கோளாறு உருவானதே அப்படித்தான். ஆங்கிலக் கோப்பில் 'பவுட்' என்ற அடிச்சொல்லைத் தேடினால் 'பவுட்டட்', 'பவுட்டிங்', 'பவுட்டி' எல்லாம் சேர்ந்தே வரும். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் இறக்குங்கள். பக்கத்தில் யார், என்ன வயது, யாரிடம், எவ்வளவு நேரம், பேச்சோடு சேர்ந்து வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் குறியுங்கள்: கதைசொல்லி அவளைக் கொஞ்சுகிறாரா, கேலி செய்கிறாரா, சும்மா பதிவு செய்கிறாரா. இதைப் பலர் விட்டுவிடுவார்கள். 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்' லேசான கேலியோடுதான் வரும். கதைசொல்லி அந்தப் பெண்ணேதான், தன் கதையைத் தானே சொல்கிறாள் என்றால் 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்' என்பதில் பின்னாளில் தன்னையே பார்த்துச் சிரிக்கும் தொனி வந்துவிடும். அது வேண்டாத இடத்தில் 'பேசாமல் நின்றேன்' போதும்.

எல்லா இடத்துக்கும் ஒரே தமிழ்த்தொடர் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே தொடர் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வந்தாலே கண்ணில் குத்தும், 'முகத்தைத் தூக்கி' மாதிரி நீளமான தொடர் இன்னும் அதிகமாகக் குத்தும். சில இடங்களில் எதுவுமே போடாமல் விடலாம். பேச்சிலேயே கோபம் இருந்தால் வினை மிகை. ஆங்கிலத்தில் பழக்கத்தால் விழுந்த ஒட்டு அது. தமிழில் 'என்றாள்' அந்த வேலையைச் செய்துவிடும். பெயர்ச்சொல்லாக வரும் இடங்களில் 'அவள் முகத்தில் ஒரு பிதுக்கல் தோன்றியது' போன்ற உருப்படிகளைச் செய்யாதீர்கள், வினையாக்கிவிடுங்கள்.

மாற்றி முடித்தபின் ஒவ்வோர் இடத்திலும் அதற்குப் பின்னால் வரும் பத்து வரிகளைப் படியுங்கள். ஆங்கிலத்தில் உதட்டை நீட்டிய பிள்ளையிடம், "அந்த உதட்டில் குருவி வந்து உட்காரப் போகிறது" என்கிற மாதிரி பெரியவர்கள் கிண்டல் செய்வதுண்டு. நீங்கள் உதட்டை எடுத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் குருவிக்கு உட்கார இடம் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் மட்டும் 'உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உம்மென்று நின்றாள்' என்று இரண்டையும் சேர்த்து வையுங்கள். 'உம்மென்று' கோபத்தைப் பார்த்துக்கொள்ளும், உதடு கிண்டலுக்காகக் காத்திருக்கும்.